தம்பி பிழைத்தான், டிவி ஏன் பிழைக்கவில்லை?

கேள்வி: எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. கஜா புயலுக்குத் தப்பி நின்ற பழைய தென்னை ஒன்று வாசல் ஓரம் இருந்தது. போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அதன்மேல் இடி விழுந்தது. மரத்தடியில்தான் எங்கள் கார் நின்றது. மழைக்கு ஒதுங்கி என் தம்பி அதற்குள் உட்கார்ந்திருந்தான். காது அடைத்துப்போனதைத் தவிர அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பின் டயர் ஒன்று காற்றிறங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை மோடம், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் போய்விட்டன. பதினைந்து வருடப் பழைய ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் ஓடுகிறது. டயர் ரப்பர் என்பதால் தம்பி பிழைத்தான் என்கிறார் மெக்கானிக். அர்ச்சுனன் பெயரைச் சொன்னதால் பிழைத்தான் என்கிறார் அம்மா. வீட்டின்மேல் இடி விழவே இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு சேதம்? காரைச் சரிசெய்து ஓட்டலாமா, இன்சூரன்ஸ் கிடைக்குமா? எலக்ட்ரீஷியன் டிவிக்கென்று தனியாக ஓர் எர்த் குழி போடச் சொல்கிறார். போடலாமா?

— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மாவோடு நான் வாதாடப் போவதில்லை. மெக்கானிக்கோடு வாதாடலாம்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கிய மின்னலுக்கு அரை அடி ரப்பர் ஒரு தடையே இல்லை. போதாக்குறைக்கு மழையில் நனைந்த டயர். அதற்குள் சுற்றிலும் எஃகுக் கம்பி. மின்னல் காரின் கூரையிலோ கதவிலோ ஏறி, வெளித்தகட்டில் ஓடி, வீல் டிஸ்க்கின் விளிம்பிலிருந்து தரைக்குத் தாவியிருக்கும். டயருக்குள் இருக்கும் கம்பி வழியாகவும் ஒரு பங்கு இறங்கியிருக்கும். உங்கள் பின் டயர் காற்றிறங்கியது அதனால்தான். டயர் யாரையும் காப்பாற்றவில்லை, அதுவே அடிவாங்கியது.

காப்பாற்றியது தகரம். இதை 1836இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே தன் உடம்பை வைத்தே காட்டினார். 12 அடிக்கு 12 அடியில் ஒரு சட்டம் செய்து, அதைச் சுற்றிலும் கம்பியும் உலோகத் தாளும் போர்த்தி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்கு அந்தப் பெட்டியில் மின்சாரம் ஏற்றினார்கள். உள்ளே அவர் கையில் இருந்த நுட்பமான கருவிகள் ஒரு சலனமும் காட்டவில்லை. மூடிய உலோகக் கூட்டின் வெளிப்புறத்தில் என்ன நடந்தாலும் உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கூரையும் கதவும் தூணும் தகரமாக உள்ள கார், பஸ், லாரி கேபின் எல்லாம் ஓட்டைகள் உள்ள ஃபாரடே கூடுகள்தான்.

இதையே நம் ஊர்க் காட்சியாகச் சொல்கிறேன். மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. பதினோராயிரம் வோல்ட். அதற்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. ஒரு கால் கம்பியிலும் இறக்கை இரும்புக் கம்பத்திலுமாகப் பட்டால் அந்த நொடியே முடிந்தது. வோல்ட் எத்தனை என்பதைவிட, உடம்பின் இரண்டு இடத்துக்கு நடுவே அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதுதான் கொல்லும். மின்னல் விழுந்த நொடியில் உங்கள் தம்பி, அவர் உட்கார்ந்த சீட், ஸ்டீயரிங், கூரை எல்லாமே சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. கம்பியில் இருந்த காக்கையின் கதைதான் அவருக்கும். டிவியின் கதை கம்பியையும் கம்பத்தையும் சேர்த்துத் தொட்ட காக்கையின் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் மரத்தடியில் காரை நிறுத்தியதற்காகத் தம்பியை ஒரு வார்த்தை கண்டிக்கத்தான் வேண்டும். 'தென்னை இருந்தால் அது இடியை வாங்கிக்கொள்ளும், வீட்டுக்கு வராது' என்று நம் பக்கம் சொல்வார்கள். பாதிதான் சரி. தென்னை உயரமாக நிற்பதால் முதலில் வாங்கும்; ஆனால் வாங்கியதை ஒழுங்காகத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்குத் தெரியாது. செம்புப் பட்டை வைத்த இடிதாங்கி நல்ல கடத்தி, தென்னை மோசமான கடத்தி. பாதி வழியில் பக்கத்தில் ஒரு தகரமோ மனிதனோ இருந்தால் மின்னல் அங்கே தாவிவிடும். மரத்திலிருந்து காருக்கு வந்தது அப்படித்தான். மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள் சாவதும் பெரும்பாலும் இப்படித்தான். நேராகத் தலையில் விழுவது குறைவு. இன்னொன்று: அந்தத் தென்னையை அடுத்து நிற்கும் மரங்களையும் கவனியுங்கள். மட்டை தொங்கி, தண்டில் நீர் கசிந்தால் அவையும் போய்விட்டன என்று அர்த்தம். ஓர் இடி ஒரு கூட்டத்தையே கொண்டுபோவது தென்னையில் சாதாரணம்.

இனி கார். 'ஸ்டார்ட் ஆகவில்லை, எல்லாம் எரிந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செத்தது வேறு, மயங்கியது வேறு.

இதற்கு ஓர் உதாரணம்: 1969 நவம்பர் 14 அன்று நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 12 மழைமேகத்துக்குள் ஏறியது. கிளம்பிய 36ஆவது வினாடியில் ஒரு மின்னல், 52ஆவது வினாடியில் இன்னொன்று. ராக்கெட்டும் அது விட்ட புகையும் சேர்ந்து வானத்துக்கும் தரைக்கும் நடுவே நீண்ட கம்பிபோல் நின்றதால் வந்த மின்னல் அது. மூன்று எரிபொருள் மின்கலங்களும் இணைப்பறுந்தன. எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக எரிந்தன. தரைக்கு வந்துகொண்டிருந்த எண்கள் எல்லாம் குப்பையாயின. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் 26 வயது ஜான் ஏரன் அந்தக் குப்பை எண்களின் அமைப்பை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார். அளவைக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஒரு சுவிட்சை மாற்று நிலைக்குத் தள்ளச் சொன்னார். அந்தச் சுவிட்ச் எது என்று விண்கலத்தின் தலைவருக்கே தெரியவில்லை. உள்ளே உடன் இருந்த வீரர் ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. தள்ளினார், எண்கள் திரும்பின. மின்கலங்களை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்தார்கள். ஐந்து நாளில் நிலவில் இறங்கினார்கள். கடைசிக் கணக்கில் நிரந்தரமாகச் செத்தவை ஒன்பது சென்சார்கள், அதுவும் அவசியமில்லாதவை. மற்றதெல்லாம் பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டவை.

உங்கள் காரும் இதே வகையில் இருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஃபியூஸ் போயிருக்கலாம். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் குழம்பியிருக்கலாம். ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்கலாம். இவை செலவு குறைந்தவை. எஞ்சின் கம்ப்யூட்டரே போயிருந்தால் செலவு பெரிது. எதுவானாலும் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள். பாதி எரிந்த ஒயரில் மீண்டும் மீண்டும் மின்சாரம் விட்டால் மிச்சமும் போகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். ஏர்பேக்கின் ஒயரில் மட்டும் தெருமுனை மெக்கானிக் கைவைக்க வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: கூரையிலும் ஆன்டெனா அடியிலும் ஊசிமுனை அளவு பெயின்ட் கருகிய புள்ளி, டிஸ்க்கின் விளிம்பில் உருகிய தழும்பு, பின் கண்ணாடியில் பனி துடைக்கும் மெல்லிய கோடுகள் அறுந்திருப்பது. சக்கரத்தின் பேரிங் வழியாக மின்சாரம் போயிருந்தால் உருளைகளில் குழி விழுந்து, சில நாளில் ஊளைச் சத்தம் வரும். நான்கு டயரையும் கழற்றி உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே கம்பியை ஒட்டிய ரப்பர் கருகியிருக்கும். சுரங்கங்களில் ஓடும் ராட்சத டிப்பர்களில் இது கொலைகாரப் பிரச்சினை. மின்னலோ மின்கம்பியோ பட்டபின் டயருக்குள் ரப்பர் புகைந்து வாயு சேர்ந்து, மணிக்கணக்கு கழித்து வெடிகுண்டுபோல் வெடிக்கும். அதனால் அந்த வண்டிப் பக்கம் ஒரு நாள் முழுக்க யாரையும் விடமாட்டார்கள். கார் டயருக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஆனால் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற்ற வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் காருக்கான முழு பாலிசியில், சொந்தச் சேதப் பிரிவில் தீ, வெடிப்பு ஆகியவற்றோடு மின்னல் என்ற வார்த்தையே அச்சாகியிருக்கும். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் ஒன்றும் வராது. சிக்கல் எங்கே என்றால், அதே பாலிசியில் 'மின்பழுதுக்குப் பொறுப்பில்லை' என்றும் இருக்கும். ஆகவே இது தானாக வந்த பழுதல்ல, மின்னல் அடித்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பட்டை உரிந்த தென்னையையும் அதன் அடியில் கார் நின்ற இடத்தையும் ஒரே படத்தில் எடுத்தீர்களா? உருகிய புள்ளிகளை எடுத்தீர்களா? மரத்தை இன்னும் வெட்டவில்லை என்றால் இன்றே எடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். வீட்டுப் பொருள்களுக்கும் வழி உண்டு: 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற வீட்டு பாலிசியில் மின்னலும் அடக்கம். உங்களிடம் இருக்காது என்றே நினைக்கிறேன், யாரிடமும் இருப்பதில்லை.

இப்போது டிவிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஃபிரிட்ஜ் மட்டும் பிழைத்தது.

போன பொருள்களையும் பிழைத்த பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரே ஒயர். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் இரண்டு: மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து, டிஷ் ஒயர் மொட்டைமாடியிலிருந்து. மோடத்துக்கு வருவது ஃபைபர்தானே என்பீர்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராதுதான். ஆனால் கம்பத்திலிருந்து அந்த இழையைத் தாங்கிவரும் ஒயரில் பெரும்பாலும் இரும்புக் கம்பி உண்டு, மோடத்திலிருந்து டிவிக்குப் போகும் லேன் ஒயர் செம்பு. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒரு முனை மீட்டர் போர்டில், மறுமுனை நிலத்தடித் தண்ணீருக்குள் தொங்கும் மோட்டாரில். அதாவது, போனவை எல்லாம் இரண்டு வாசல் உள்ள பொருள்கள்.

மின்னல் வீட்டின்மேல் விழத் தேவையில்லை. இரண்டு விதமாக அது உள்ளே வரும். ஒன்று, தரை வழியாக. சாதாரண மின்னலின் உச்சம் 30,000 ஆம்பியர். தென்னை வேரடியில் மண்ணின் தடை வெறும் 10 ஓம் என்று வைத்தாலும் அந்த இடம் ஒரு கணம் மூன்று லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். தள்ளிப் போகப் போக அது குறையும். வாசலில் ஓர் அழுத்தம், கொல்லைப்புறக் கிணற்றடியில் வேறு அழுத்தம். மரத்தடியில் கட்டிய மாடு செத்து, பக்கத்தில் நின்ற ஆள் பிழைப்பதும் இதனால்தான்: மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இருப்பது இதயம். உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி அந்த மாடு. அதன் முன்கால் வீட்டில், பின்கால் போர்க்குழிக்குள்.

இரண்டாவது, காற்று வழியாக, எதையும் தொடாமலே. மின்னல் மூன்று மைக்ரோ வினாடியில் உச்சத்துக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிவிக்கு வரும் மின்ஒயரும் டிஷ் ஒயரும் வீட்டைச் சுற்றி வெவ்வேறு வழியில் வந்து சேரும்போது நடுவே ஒரு வளையம் உருவாகிறது. பத்து மீட்டர் தள்ளி மின்னல், வளையத்தின் பரப்பு பத்து சதுர மீட்டர் என்றால், கணக்குப் போட்டால் சுமார் 2,000 வோல்ட் அந்த வளையத்தில் தூண்டப்படும். டிவியின் சர்க்யூட் போர்டில் வேலை செய்யும் சிப்புகளுக்கு ஐந்து வோல்ட்கூட அதிகம். பழைய ஃபிரிட்ஜில் போர்டே கிடையாது. ஒரு கம்ப்ரசர், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு ரிலே. வளையமும் இல்லை, சிப்பும் இல்லை. அதை விற்காதீர்கள்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று பலரும் கேட்பார்கள். விழுந்தாலும் பயனில்லை. அது விழ ஆயிரத்தில் சில பங்கு வினாடியாவது வேண்டும். மின்னல் ஓர் அடியை லட்சத்தில் சில பங்கில் முடித்துவிடும். ஸ்டெபிலைசரும் இதற்கான பொருள் அல்ல. சுவிட்சை அணைத்து வைத்தால்? சுவிட்சுக்குள் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. மேகத்திலிருந்து வந்ததற்கு அது ஒரு தாண்டலா? பிளக்கைப் பிடுங்குவதுதான் முறை, டிஷ் ஒயரையும் சேர்த்து. அதுவும் மேகம் கறுக்கும்போதே. இடி தலைக்குமேல் வந்தபிறகு போய் ஒயரைப் பிடிக்காதீர்கள். டிவியைக் காப்பாற்றப் போய் நீங்கள் அந்தக் காக்கையாகிவிடுவீர்கள்.

எலக்ட்ரீஷியன் சொன்ன தனி எர்த் குழிக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஊர் முழுக்க இப்படித்தான் சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நூற்பாலையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் 'சுத்தமான எர்த்' என்று தனித்தனிக் குழி தோண்டியிருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் கார்டுகள் எரிந்தன. கரியும் உப்பும் போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை என்று வாட்ச்மேனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குழிகளை ஒன்றோடொன்று பட்டைக் கம்பியால் இணைத்த பிறகுதான் எரிவது குறைந்தது. தனிக்குழி என்றால் என்ன அர்த்தம்? டிவியின் ஒரு காலை வாசலிலும் இன்னொரு காலைக் கொல்லையிலும் வைப்பது. இருக்கிற மாட்டுக்கு இன்னும் இரண்டு கால் சேர்ப்பதுதான் அது.

செய்ய வேண்டியது இது. வீட்டுக்கு ஒரே எர்த் அமைப்பு. இரண்டு மூன்று குழிகள் இருந்தால் மண்ணுக்குள்ளேயே ஜி.ஐ. பட்டையால் அவற்றை இணையுங்கள். டிஷ் தாங்கும் இரும்புக் குழாய், போர்க்குழாய் மேல்மூடி, ஸ்டார்ட்டர் பெட்டியின் உடல், எல்லாமே அந்த ஒன்றோடு சேர வேண்டும். மீட்டருக்கு அடுத்த மெயின் போர்டில் 'டைப் 2' சர்ஜ் அரெஸ்டர் ஒன்றைப் போடுங்கள், எஸ்.பி.டி. என்று கேட்டால் கடையில் தருவார்கள். கூரையில் இடிதாங்கி வைக்கும் வீட்டுக்கு 'டைப் 1' தேவை. டிஷ் ஒயருக்கும் அதற்கான சிறிய அரெஸ்டர் உண்டு, அதையும் அதே எர்த்தில் கட்ட வேண்டும். அரெஸ்டர் செய்வது ஒன்றுதான்: மின்னல் வரும் கணத்தில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றாக்கிவிடும். எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். தம்பிக்குத் தகரம் செய்ததை டிவிக்கு இது செய்கிறது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். அரெஸ்டரை இணைக்கும் ஒயர்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்னல் வேகத்துக்கு ஒரு மீட்டர் நேரான ஒயரே ஆயிரம் வோல்ட் அளவுக்குத் தடை காட்டும். 'மீதி ஒயர் பின்னால் உதவும்' என்று அழகாகச் சுருட்டி டேப் ஒட்டி வைப்பார்களே, அது அரெஸ்டரை வாங்கியும் வாங்காததற்குச் சமம். அரெஸ்டரின் முகப்பில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை சிவப்பானால் அது தன் உயிரைக் கொடுத்துவிட்டது, மாற்றுங்கள். போர் மோட்டாரை ஓடவிடும் முன் மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவி போட்டுச் சுருளைச் சோதியுங்கள். ஸ்டார்ட்டர் மட்டும்தான் போனதா, கீழே மோட்டாரும் சேர்ந்து போனதா என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: குறுவை அறுப்பு மெஷின் ஓட்டுகிறேன். கேபின் கிடையாது, மேலே தகரக் கூரை மட்டும். இடி இடிக்கும்போது வண்டியிலேயே இருப்பதா, இறங்கி ஓடுவதா?

— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது, அதுவே உங்கள் பக்கம் இடிமழைக் காலமும். சமதளமான வயலில் உங்கள் வண்டிதான் உயரம். நான்கு கால் நட்டு மேலே போட்ட தகரம் கூடு ஆகாது. திறந்த டிராக்டரும் அப்படியே. பைக், ஸ்கூட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

'இருப்பதா, ஓடுவதா' என்ற கேள்வி வரும் அளவுக்குக் காத்திருக்காதீர்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. வெட்டுத்தலையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, இறங்கிவிடுங்கள். மெஷினை ஏற்றிவந்த லாரி ரோட்டில் நிற்குமே, அதன் கேபினுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்காருங்கள். சார்ஜரில் மாட்டிய போனைத் தொடாதீர்கள். லாரிக்கு அடியில் ஒதுங்காதீர்கள், வரப்புப் பனைமரத்தடியும் வேண்டாம். மோட்டார் கொட்டகையில் பைப்பும் ஒயரும் இருப்பதால் அதுவும் கடைசி வழிதான். லாரி இல்லை, கட்டடமும் இல்லை என்றால் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நிற்காமல் தள்ளித் தள்ளி, கால்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வண்டி ஏறலாம்.

புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும். வயல்காரர் அவசரப்படுத்துவார், மணிக் கணக்கு வாடகை ஓடுகிறதே என்பார். போனை எடுத்து அவரிடம் காட்டுங்கள்.